கார் இல்லாத வீடும் பின்பக்க கேட்டும்

என் வீட்டு வாடகையில் ஒரு கார் நிற்கும் இடமும் அடக்கம். வீட்டைக் காட்ட வந்த தரகர் சமையலறையைவிட அதைத்தான் அதிக நேரம் காட்டினார். இரண்டு தூண்களுக்கு நடுவே மஞ்சள் கோடு போட்ட ஒரு செவ்வகம். தரையில் வீட்டு எண் எழுதியிருந்தது.

"கவர்டு பார்க்கிங் மேடம். மழை, வெயில் ஒண்ணும் படாது. இன்னா வண்டி வெச்சிருக்கீங்க?"

வண்டி இல்லை என்றேன். என் செருப்பை ஒருமுறை பார்த்தார். "வாங்கிடுவீங்க. இந்த ஏரியாவுக்கு வந்தா வாங்கித்தான் ஆவணும்," என்றார்.

இதுவரை வாங்கவில்லை.

திருச்சியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். திருச்சிப் பதிப்பின் பக்கங்களையும் சென்னையிலேயே தயாரிப்பது என்று முடிவானபோது என்னையும் சென்னைக்கு மாற்றினார்கள். சில மாதங்கள் கழித்து, இத்தனை பேர் தேவையில்லை என்று இன்னொரு முடிவு வந்தது. இரண்டு முடிவுகளையும் மிகச் சுருக்கமாக எழுதியிருந்தார்கள். இரண்டாவதில் ஒரு ஒற்று மிகுந்திருந்தது.

திரும்பிப் போக அங்கே வீடில்லை. இருந்த பணம் எவ்வளவு காலம் வரும் என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்குக்கு ஏற்ற வீட்டைத் தேடி அம்பத்தூரில் அலைந்தேன்; கள்ளிக்குப்பத்தில் அலைந்தேன்; மாங்காடு வரை போனேன். தனியாக இருக்கும் பெண் என்றதும் சிலர், வீடு நேற்றே முடிந்துவிட்டது என்றார்கள். மற்றவர்கள் சொன்ன வாடகை என் கணக்கில் அடங்கவில்லை. கடைசியில் ஆவடிக்குச் சற்று முன்னால், நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள் கொண்ட ஒரு வளாகத்தில் இந்த வீடு கிடைத்தது. தரைத்தளம், கடைசிக் கட்டடம், பின்மதிலை ஒட்டியது. வெளிச்சம் குறைவு, கொசு அதிகம், வாடகை குறைவு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அவரை நான் பார்த்ததில்லை.

வளாகத்தின் முன்வாசலில் வளைவும், காவலாளிக்கு ஒரு கண்ணாடிக் கூண்டும் உண்டு. அங்கிருந்து கிளம்பும் சாலை காலி மனைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, திருவள்ளூர் நெடுஞ்சாலையைத் தொடும். காரில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். நடந்தால், நடைபாதை இல்லாத சாலையில் தண்ணீர் லாரிகளோடு சேர்ந்து நடக்க வேண்டும். ஷேர் ஆட்டோ நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். தனி ஆட்டோக்காரர்கள், திரும்பும்போது காலியாகத்தான் வரணும் என்று சொல்லி இரண்டு மடங்கு கேட்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பேருந்து நிற்கும் இடத்துக்குப் போகத்தான் பணம் வேண்டும்.

இந்த வீட்டை எனக்குச் சாத்தியமாக்கியது பின்பக்க கேட்.

கட்டடம் கட்டிய காலத்தில் கூலியாட்கள் வந்து போவதற்காகப் பின்மதிலில் ஒரு தகரக் கதவு வைத்திருந்தார்கள். வேலை முடிந்த பிறகு அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஓர் ஆள் நுழையும் அகலம். அதைத் தாண்டினால் மதிலோரமாக ஓர் ஒற்றையடிப் பாதை, ஒரு காலி மனை, சிமென்ட் பலகை போட்ட ஒரு கால்வாய், இரண்டு வரிசை வீடுகள், ஒரு பால் கடை, அப்புறம் ரயில்வே ஸ்டேஷனின் படிக்கட்டு. எட்டி நடந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் போய்விடலாம். பள்ளிக்கூட நோட்ஸ் போடும் ஒரு பதிப்பகத்துக்கு நான் இப்போது பிழை திருத்துகிறேன். அதன் முதலாளிக்குத் திரையில் திருத்துவதில் நம்பிக்கை இல்லை. தாளில் சிவப்பு மை தெரிய வேண்டும். எனவே வாரத்துக்கு இரண்டு முறை நகரத்துக்குப் போய்த் தாள்களைக் கொடுத்துவிட்டு வேறு தாள்களை வாங்கி வருவேன். சீசன் டிக்கெட்டும் அந்த கேட்டும் இருந்ததால்தான் இந்த வேலையே எனக்குக் கட்டுபடியானது.

சிக்கனத்தைப் பற்றி நான் முன்பு வாரமலரில் பக்கங்கள் தயாரித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் யாரும் வண்டி இல்லாமல் புறநகரில் இருந்தவர்கள் அல்ல என்று இப்போது தெரிகிறது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எழுதுவார்கள். மொத்தமாக வாங்கியதைத் தூக்கி வர வேண்டும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை கார் வைத்திருப்பவர்களுக்கு. எனக்கு ஐந்து கிலோ பை, அதுவும் எண்ணெய் வாங்காத நாளில். சின்னப் பொட்டலங்களுக்கு விலை அதிகம். வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கடைகள் இவ்வளவுக்கு மேல் வாங்கினால்தான் வருவோம் என்கின்றன; ஒற்றை ஆளுக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை. ஒலிபெருக்கி கட்டிய காய்கறி வண்டி முன்வாசலுக்கு வரும். நான் கடைசிக் கட்டடத்திலிருந்து போய்ச் சேரும்போது அது கிளம்பியிருக்கும். தக்காளியின் விலையைக் குரலாக மட்டும் கேட்ட நாள்கள் உண்டு.

இன்னொன்றையும் தாமதமாகத்தான் கவனித்தேன். இந்த வளாகத்தில் மனிதர்கள் சந்தித்துக்கொள்வது இரண்டு இடங்களில்: லிப்டில், வண்டி நிறுத்துமிடத்தில். எனக்கு இரண்டிலும் வேலையில்லை. எதிர்வீட்டுக்காரர்களின் காரை எனக்குத் தெரியும். அதன் எண், பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சாமி படம், இடதுபக்கக் கீறல் எல்லாம் தெரியும். அவர்களுடைய முகங்களைக் கடைத்தெருவில் பார்த்தால் அடையாளம் சொல்ல மாட்டேன். சில நாள்களில் மாலை வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன். அப்போதெல்லாம் திருத்தும் தாளைச் சத்தமாகப் படிப்பேன். எட்டாம் வகுப்பு அறிவியல். தாவரங்கள் எவ்வாறு உணவு தயாரிக்கின்றன.

அந்த கேட்டில் எனக்கு ஒரே ஓர் ஆள் பழக்கம். பின்னால் இருக்கும் வரிசை வீடுகளிலிருந்து நான்கைந்து பெண்கள் எங்கள் வளாகத்துக்கு வீட்டு வேலைக்கு வருவார்கள். அவர்களில் ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், வேகமாக நடப்பவள், வேகமாகப் பேசுபவள். நான் ரயிலுக்குப் போகும்போது அவள் உள்ளே வருவாள். ஒரு நாள் என் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, நீ டீச்சரா?"

"இல்லம்மா. தப்பு திருத்துற வேலை."

"அதான் டீச்சரு."

அதன் பிறகு நான் டீச்சரக்கா ஆனேன். என் வீட்டில் அவளுக்கு வேலை கிடையாது. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. அது அவளுக்கும் தெரியும். கேட்டில் அகலம் போதாததால் இருவரில் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நிற்கும் நேரம்தான் எங்கள் பேச்சு. "இன்னாக்கா, மூஞ்சி வாடிக்கீது? துன்னியா இல்லியா?" என்பாள். பதிலுக்கு நிற்க மாட்டாள்.

இரண்டாவது வருடம் ஆவணியில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. நடுக் கட்டடத்தில் யாருடைய பிள்ளையுடையதோ, கியர் வைத்த விலையுயர்ந்த சைக்கிள். முன்வாசல் கேமராவில் எதுவும் பதிவாகவில்லை. எனவே பின்பக்கமாகத்தான் போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த கேட்டில் சைக்கிளை நேராக உருட்டிக்கொண்டு போக முடியாது, சாய்த்துத் தூக்க வேண்டும் என்பது கேட்டைப் பயன்படுத்தாதவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. குடியிருப்போர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரே தீர்மானம்: பின்பக்க கேட்டை வெல்டிங் அடித்து நிரந்தரமாக மூடுவது.

நான் போனேன். அறையின் பின்வரிசையில் உட்கார்ந்தேன். செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், கணினி நிறுவனத்தில் வேலை, நாற்பது வயதுக்குள் இருக்கும். யாரையும் புண்படுத்தாமல் பேசக் கற்றவர்.

"அந்த கேட்டை நான் வாரம் முழுக்கப் பயன்படுத்துகிறேன். அது இல்லாவிட்டால் எனக்கு ஸ்டேஷன் இல்லை," என்றேன். எழுதிப் படித்ததுபோல இருந்தது என் பேச்சு.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க ஓனருங்களா, வாடகைங்களா?"

"வாடகை."

"அப்ப பேசலாமுங்க. ஓட்டு மட்டும் கிடையாதுங்க. சங்க விதிங்க அது."

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் அன்பாகத் திரும்பி, "ஒரு ஸ்கூட்டி வாங்கிடுங்களேன் மேடம். பார்க்கிங் சும்மாத்தானே கிடக்கு?" என்றார். இன்னொருவர், போனில் பைக் டாக்சி கூப்பிடுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்தார். யாருக்கும் என் மேல் கோபமில்லை. என் பிரச்சினை அவர்களுக்கு நான் இன்னும் செய்யாமல் தள்ளிப்போட்டிருக்கும் ஒரு வேலையாகத் தெரிந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களை யாரோ நினைவுபடுத்தினார்கள். அவர்கள் முன்வாசலில் கையெழுத்துப் போட்டு வரட்டும், அதுதான் பாதுகாப்பு என்றார்கள். கைகள் உயர்ந்தன. நான் என் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கேட்டில் ஒதுங்கி நின்று அவளிடம் சொன்னேன்.

"ரோட்டு பக்கமா சுத்திகினு வரணுமா? நான் வந்து சேர்றதுக்குள்ள அவுங்க பாத்திரமே காஞ்சி, தானா சுத்தமாயிடும்," என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாலு ஊட்ல ரெண்டு ஊட்ட உட்ருவேன். வேற வழி இன்னா கீது? நீ இன்னாக்கா பண்ணுவ?" என்றாள்.

நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவுக்குக் கொடுத்தால் தாள் திருத்தி வரும் பணத்தில் பாதி போய்விடும். வேறு வீடு என்றால் மறுபடியும் முன்பணம், மறுபடியும் தரகர், தனியாகவா இருக்கீங்க என்ற கேள்வி. கேட் மூடினால் நான் காலி செய்ய வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளுமில்லை.

சில நாள்களில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஆயுத பூஜை விடுமுறை என்பதால் அன்று அனைவரும் வீட்டில் இருப்பார்கள். காலையில் வளாகத்தின் எல்லா வாகனங்களுக்கும் பொதுப் பூஜை. அதன்பின் பின்பக்க கேட்டை மூடும் வெல்டிங் பணி நடைபெறும்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். பத்திரிகை ஆபீசில் ஆண்டுதோறும் இயந்திரங்களுக்கு மாலை போட்டு நிறுத்தும் நாள் அது. அடுத்த நாள் பேப்பர் வராது. லேத் பட்டறையிலிருந்து தையல் கடை வரை கருவியைத் தொட மாட்டார்கள். பாடியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் அன்று ஒரு சுத்தியல் சத்தம் கேட்காது. அந்த நாளில் வெல்டருக்கு வேலை வைத்திருக்கிறார்கள். விடுமுறை என்றால் தங்கள் விடுமுறை என்று மட்டும் நினைப்பவர்களால்தான் இந்தப் பிழையைச் செய்ய முடியும்.

கண்ணில் பட்ட பிழையைச் சுட்டிக்காட்டாமல் விட்டது என் வேலைக்காலத்தில் அது ஒன்றுதான். பலகையை விட்டு நகர்ந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பூஜையன்று வண்டி நிறுத்துமிடம் முழுக்க ஈரமாக இருந்தது. ஒவ்வொரு காரும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்பக்கம் வாழைக்கன்று கட்டி நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஐயர் தாம்பாளத்தோடு தூண் தூணாக வந்தார். பின்னால் காவலாளி பொரி மூட்டையோடு வந்தார். என் செவ்வகத்தின் முன்னால் ஐயர் நின்றார்.

"இங்க வண்டி எங்க?"

"அந்தம்மாவுக்கு வண்டி இல்ல சாமி," என்றார் காவலாளி.

ஐயர் ஒரு கணம் பார்த்துவிட்டு, வெறும் தரையில் நீரைத் தெளித்து, அடுத்த தூணுக்குப் போனார். எனக்கு ஒரு கை பொரியும் பொட்டுக்கடலையும் கிடைத்தன.

எல்லாம் முடிந்த பிறகும் வெல்டர் வரவில்லை. செயலாளர் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். சுற்றி நின்ற எல்லோரும் கேட்டோம்.

"அண்ணா, இன்னிக்கு வர்றேன்னு சொன்னீங்களே?"

"நான் எங்க சார் சொன்னேன்? நீதான் லீவு நாளு, லீவு நாளுன்னு சொன்ன. லீவு உனுக்கு மட்டுமா, மிஷினுக்கும்தான்."

"ஒரு மணி நேர வேலைதானுங்களே?"

"சார், பொட்டு வெச்சி, மாலை போட்டு, படையல் வெச்சி குந்த வெச்சிக்கீறேன். இப்பப் போயி ஒயர சொருவுன்னா எப்டி? நாளைக்குப் பூஜை பிரிச்சப்பறம் பேசு."

போன் வைக்கப்பட்டது. கூட்டத்திலிருந்து ஒருவர், "செக்ரட்டரி சார், உங்க லேப்டாப்பைப் பூஜையில வெச்சீங்களா?" என்றார்.

"வெச்சேனுங்க."

"இப்ப எடுத்து ஒரு மெயில் போடுங்க பார்ப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். மறுநாள் அவர் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார்; வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கிடைத்தது ஒரு வாரம்.

அந்த வாரத்தின் முடிவில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் தூறல், இரண்டாம் நாள் விடாத மழை, மூன்றாம் நாள் காலை சுரங்கப்பாதை நிரம்பிவிட்டது. ஊரிலிருந்து திரும்பியிருந்த செயலாளர் காரை இறக்கிப் பார்த்து, பாதியிலேயே பின்னால் எடுத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். வளாகத்துக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் எந்த வண்டியாலும் வெளியே போக முடியவில்லை. பால் வண்டி வரவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்து தருபவர்கள் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினார்கள்.

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார்: "பின்பக்கமாப் போனா பால் கிடைக்குமா? யாருக்காவது தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குழுவில் நான் அதுவரை ஒரு வார்த்தைகூட எழுதியதில்லை. "கிடைக்கும். இப்போது போகிறேன். வருபவர்கள் கேட் அருகே வரலாம்" என்று எழுதினேன்.

நான் குடையோடு போனபோது அங்கே பன்னிரண்டு பேரோ பதினைந்து பேரோ நின்றார்கள். அரைக்கால் சட்டையில் ஆண்கள், நைட்டியின் மேல் துண்டு போட்ட பெண்கள், கையில் துணிப்பைகள். எதிரே அவள் நனைந்தபடி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். வரிசையைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "இன்னாக்கா, ஊர்வலமா? காரெல்லாம் ஊட்லயே குந்திக்கினு கீதா?" யாரோ சங்கடமாகச் சிரித்தார்கள்.

நான் முன்னால் நடந்தேன். எங்கே சேறு ஆழம், எந்தச் சிமென்ட் பலகை ஆடும் என்று சொல்லிக்கொண்டு போனேன். சொன்னது வரிசையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பால் கடையைத் தாண்டியதும் ஸ்டேஷனின் படிக்கட்டு தெரிந்தது. செயலாளர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவ்வளவு பக்கமாங்க ஸ்டேஷன்? நான் வீடு வாங்கி ஆறு வருஷம் ஆச்சுங்க."

"கட்டியவர்கள் விளம்பரத்திலேயே போட்டிருந்தார்களே, ரயில் நிலையம் நடக்கும் தூரம் என்று."

"அது விளம்பரம்னு நினைச்சேனுங்க," என்றார்.

சுரங்கப்பாதை தண்ணீரில் கிடந்த மூன்று நாள்களை நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேன். காலையிலும் மாலையிலும் ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதைப் பார்த்தேன்; அவர் தூத்துக்குடிக்காரர் என்றும், மழையைக் கண்டால் பயம் என்றும் தெரிந்தது. அலுவலகம் போயே ஆக வேண்டிய இளைஞர்கள் என்னோடு ரயிலுக்கு வந்தார்கள். டிக்கெட்டை எங்கே வாங்குவது, ஆவடி பக்கம் போக எந்தப் பிளாட்பாரம் என்று கேட்டார்கள். கூட்டத்தில் எனக்கு ஸ்கூட்டி வாங்கச் சொன்ன பெண் என் பையில் பாதியைத் தூக்கிக்கொண்டு, "தண்ணி வடிஞ்சதும் ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, காபி சாப்பிடலாம். மூணாவது மாடி," என்றார். நான் வருகிறேன் என்றேன். வீட்டுக்குத் திரும்பும்போது தொண்டை கட்டியிருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, வெகுநாள் கழித்து அவ்வளவு பேசியிருக்கிறேன்.

நான்காம் நாள் சுரங்கப்பாதையில் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். காலையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் சத்தம் என் சமையலறை வரை கேட்டது. வழக்கமான நேரத்துக்கு கேட்டுக்குப் போய்க் கொஞ்சம் நின்றேன். அவளும் மற்றப் பெண்களும் உள்ளே வந்தார்கள். வெளியே போக நான் மட்டும்தான். பாதையில் நிறையக் காலடிகள் பதிந்து, சேறு காய ஆரம்பித்திருந்தது.

அடுத்த கூட்டத்தில் வெல்டிங் தீர்மானத்தைக் கைவிட்டார்கள். மழைக்கு ஒரு வழி இருக்கட்டும் என்பது காரணம். ஆனால் கேட் திறந்தே கிடக்கக் கூடாது, பூட்டு போட வேண்டும். வேலைக்கு வரும் பெண்களுக்குக் காலையில் திறந்து, அவர்கள் போனதும் பூட்ட வேண்டும். சாவி யாரிடம் இருப்பது? காவலாளி முன்வாசலை விட்டு நகர முடியாது. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்.

செயலாளர் என்னைப் பார்த்தார். "நீங்கதானுங்க பெரும்பாலும் வீட்லயே இருக்கீங்க. பக்கத்துலயும் இருக்கீங்க."

ஓட்டு இல்லாதவரிடம் சாவி இருக்கலாம். விதியில் அதற்குத் தடை இல்லை. வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து காலையில் ஜன்னலுக்கு வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும்: "டீச்சரக்கோவ், கேட்டு!" எழுந்து போய்த் திறப்பேன். அவள் முதலில் நுழைவாள், எதையாவது சொல்வாள்: என் புடவையைப் பற்றி, அவள் வீட்டுக்காரனின் குடியைப் பற்றி, மூன்றாவது மாடிக்காரர்கள் மிச்சம் வைக்கும் சாம்பாரைப் பற்றி. ஐந்து பெண்களும் போன பிறகு பூட்டுவேன். பதிப்பகத்துக்குப் போகும் நாள்களில், அவர்கள் வேலை முடித்துக் கிளம்பும் நேரம் வரை காத்திருந்து, அவர்களோடு சேர்ந்து வெளியே போவேன். கேட்டை வெளிப்பக்கத் தாழ்ப்பாளில் பூட்டிக்கொண்டு போவேன். முதலாளி மதியத்துக்குப் பிறகு வந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார்.

திருச்சியில் பழைய சக ஊழியர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார். போகவில்லை. சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தது உண்மை. அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் உண்மையாகாது. மூன்றாவது மாடிக்குக் காபி சாப்பிடவும் இன்னும் போகவில்லை. அவரை ஒருமுறை காருக்குள் பார்த்தேன். கண்ணாடியை இறக்காமலே கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. இந்த முறை என் செவ்வகத்தில் எதிர்வீட்டுக்காரர்களின் புதிய இரண்டாவது கார் நின்றது, கேட்டுக்கொண்டுதான் நிறுத்தினார்கள். அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். நான் வீட்டுக்குள் என் சிவப்புப் பேனாக்களையும் அகராதியையும் ஒரு தட்டில் வைத்துப் பொட்டு வைத்தேன். கேட் சாவியை மட்டும் தட்டில் வைக்கவில்லை. பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் வரை எடுக்கக் கூடாது. யாராவது கூப்பிட்டால் திறக்க வேண்டுமே. அதை மேஜைமேல், கையெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. வேலைக்கு வரும் பெண்களுக்கும் அன்று விடுமுறை. முந்தைய நாளே அவள் சொல்லியிருந்தாள். அது தெரிந்தும் காலை முழுக்கக் காதை அந்தப் பக்கமே வைத்திருந்தேன்.

மாலையில் பால் வாங்கப் போகலாம் என்று சாவியை எடுத்துக்கொண்டு போனேன். உள்பக்கப் பூட்டைத் திறந்து, வெளியே வந்து, கேட்டைச் சாத்துவதற்காகத் திரும்பினேன்.

தகரத்தின் வெளிப்பக்கம் துரு போகக் கழுவித் துடைத்திருந்தார்கள். நடுவில் மூன்று சந்தனக் கோடுகள், அவற்றின் மேல் குங்குமம். தாழ்ப்பாளில் ஒரு முழம் சாமந்தி. கீழே, கேட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். சந்தனம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. எனவே காலையிலேயே வந்திருக்க வேண்டும். நான் சாவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான். பூஜை நாளில் டீச்சரக்காவை எழுப்ப வேண்டாம் என்று நினைத்திருப்பாள். சத்தம் வராமல் தகரத்தைத் தேய்க்க எவ்வளவு மெதுவாகக் கை ஓட்டியிருக்க வேண்டும்.

தாழ்ப்பாளைப் போட்டால் பூ கசங்கும்போல் இருந்தது. பால் வாங்கப் போகவில்லை. வந்த வழியாகவே உள்ளே போய், உள்பக்கம் பூட்டினேன்.